பாடசாலைக் கண்காட்சியில் ஊர்வன: எதைக் கொண்டுவரலாம், எப்படிக் காட்டலாம்?

மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: பாடசாலையில் இரண்டு நாள் கண்காட்சி. ஏறக்குறைய 300 பிள்ளைகள் வருவார்கள். பழைய மாணவர் ஒருவர் தான் வளர்க்கும் பச்சை இகுவானா (பெரிய பல்லியினம்), இரண்டு சிவப்புக்காது ஆமைகள், ஒரு போல் பைத்தன் (ஆபிரிக்க மலைப்பாம்பு) ஆகியவற்றைக் கொண்டுவரத் தயாராக இருக்கிறார். மாணவர்கள் சிலர் வீட்டிலிருக்கும் நட்சத்திர ஆமையையும், வட்டையில் (வயல்வெளியில்) பிடித்த சாரைப்பாம்பையும் தாங்களும் கொண்டுவருவதாகச் சொல்கிறார்கள். பிள்ளைகள் தொட்டும் பார்க்க வேண்டும். எப்படி ஒழுங்கு செய்வது?

டீச்சர், கேள்வியிலேயே ஆறு உயிர்கள் வந்துவிட்டன. நிகழ்ச்சி நல்லபடி நடப்பதற்கு முதல் வேலை, அவற்றில் பாதியை வீட்டிலேயே விட்டுவிடுவதுதான். மூன்று விலங்குகள் போதும். அந்த மூன்றில் பிள்ளைகளின் விரல் படுவதற்கு ஒன்று போதும். மேசை நிறைய விலங்குகளை அடுக்கினால் பிள்ளைகள் ஒன்றையும் நின்று பார்க்க மாட்டார்கள். ஓடி ஓடிக் கத்துவார்கள், விலங்குகளும் மிரளும்.

நட்சத்திர ஆமையையும் சாரையையும் பற்றி முதலில் பேசிவிடுவோம். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதற்கு 2009இல் வந்த திருத்தமும் நம் நாட்டு ஊர்வனவற்றில் பெரும்பாலானவற்றைப் பாதுகாக்கின்றன. நட்சத்திர ஆமை, காராமை, பாலாமை, உடும்பு, மலைப்பாம்பு எல்லாம் அதற்குள் அடங்கும். வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் அவற்றைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையில், நட்சத்திர ஆமையை 2019இல் அதன் முதலாம் பின்னிணைப்புக்கும் உயர்த்தினார்கள். சர்வதேச வணிகத்துக்கு ஆகக் கடுமையான தடை உள்ள வரிசை அது. "தாத்தா காலத்திலிருந்தே வளவில் நிற்கிற ஆமை" என்பது சட்டத்தின் முன் அனுமதிப் பத்திரம் ஆகாது. அந்தப் பிள்ளையை எல்லோர் முன்னிலையிலும் குற்றவாளி ஆக்கிவிடாமல், பெற்றோரைத் தனியாக அழைத்து, மாவட்ட வனஜீவராசிகள் அலுவலகத்துடன் பேசச் சொல்லுங்கள். திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992. ஆமையைத் தாங்களே காட்டில் கொண்டுபோய் விட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பல ஆண்டு வீட்டில் நின்ற ஆமை நோயைக் காட்டுக்குள் கொண்டுபோகலாம், இரை தேடத் தெரியாமல் சாகவும் கூடும்.

வட்டையில் பிடித்த சாரை நஞ்சில்லாததுதான். ஆனாலும் அது காட்டு விலங்கு. பிடிபட்ட நாள் முதல் ஓயாமல் முட்டி மோதி மூக்கைக் கிழித்துக்கொள்ளும், தொட்டவரைக் கடிக்கும். நாகம், கண்ணாடிப் புடையன், எண்ணெய் விரியன், சுருட்டை ஆகியவற்றைப் பாடசாலைக்கு உயிருடன் கொண்டுவருவது எந்த நிலையிலும் வேண்டாம். பல்லைப் பிடுங்கியாகிவிட்டது, வாயைத் தைத்தாகிவிட்டது என்று யாராவது சொன்னால் அதை ஏற்கக் கூடாது. அது கொடுமை. அதற்கு மேல், விழுந்த நச்சுப்பல்லுக்குப் பின்னால் புதுப் பல் வரிசையாகக் காத்திருக்கும்.

இன்னொரு பொறி விஞ்ஞான ஆய்வுகூடத்து அலுமாரியில் இருக்கலாம். பழைய கடலாமை ஓடு ஏதாவது இருந்தால் அதை மேசைக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். கடலாமைகளின் உடற்பாகத்தை வைத்திருப்பதும் குற்றம். காட்டுவதற்குப் பைத்தன் உரித்த சட்டை இருக்கிறது. அதை ஈரப்படுத்தி விரித்து, கண்ணாடித்தாள் இரண்டுக்கு நடுவே ஒட்டினால் கண்மூடிச் செதில்கூடத் தெளிவாகத் தெரியும். பாம்புக்கு இமை இல்லை, கண்ணுக்கு மேல் ஒரு கண்ணாடிச் செதில்தான் இருக்கிறது என்பதை இதைவிட நன்றாக விளக்கும் பொருள் வேறில்லை.

பழைய மாணவரின் விலங்குகள் வெளிநாட்டு இனங்கள். இகுவானாவும் போல் பைத்தனும் சைட்டீஸ் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளவை. அவை முறையாக வந்தவை என்பதற்கான கடிதங்களின் பிரதிகளைக் கேட்டு வாங்குங்கள். கேட்டதற்கு மழுப்பினால் அந்த விலங்கு வேண்டாம். கண்காட்சிக்கு ஆறு கிழமைக்கு முன்பே அதிபர் ஊடாக வனஜீவராசிகள் அலுவலகத்துக்கு எழுதி, இன்ன விலங்கு, இன்ன நாள், இன்ன இடம் என்று தெரிவித்து எழுத்தில் பதில் பெறுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். கை கழுவும் ஒழுங்கைப் பார்த்துவிட்டுப் போகட்டும். பெற்றோரிடம் தொடுவதற்கான சம்மதக் கடிதமும் அதே நேரத்தில் போய்விட வேண்டும்.

இனி எதை எப்படிக் காட்டுவது என்று பார்ப்போம்.

தொடுவதற்கு உகந்தது போல் பைத்தன். ஒன்றேகால் மீற்றர் அளவில் நிற்கும் சாதுவான பாம்பு. பயந்தால் கடிப்பதைவிடத் தலையை நடுவில் வைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்ளவே பார்க்கும். ஆனால் இனம் சாது என்பதற்காக அந்த ஒரு பாம்பும் சாதுவாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. குறைந்தது மூன்று மாதம் அதே வீட்டில் நின்று, ஒழுங்காக இரை எடுத்து, வெவ்வேறு ஆட்களின் கைக்குப் பழகியிருக்க வேண்டும். இரை கொடுத்து நான்கைந்து நாள் கழிந்திருக்க வேண்டும். இரை எடுத்த 48 மணித்தியாலத்துக்குள் தூக்கினால் கக்கிவிடக் கூடும். 20 பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கப் பாதி செரித்த எலி வெளியே வந்தால், அந்த வகுப்பு முழுவதும் பாம்பை அருவருப்போடுதான் நினைவு வைத்திருக்கும். பாம்புக்கும் அது பெரிய அடி: உணவுக் குழாய் அமிலத்தால் புண்ணாகும். கண் பால்நிறமாகி நீலம் படர்ந்திருந்தால் சட்டை உரிக்கப் போகிறது என்று பொருள். அந்த நாட்களில் பார்வை மங்கியிருப்பதால் எந்த அசைவுக்கும் திடுக்கிட்டுக் கொத்தும். அப்படியானால் அந்த நாளுக்குப் பாம்பு இல்லை. அதற்குப் பதிலாகச் சட்டையை மட்டும் காட்டுங்கள்.

இகுவானாவைப் பார்க்க மட்டும் வையுங்கள். தோளில் ஏற்றிப் படமெடுப்பதற்கு நிறையக் கேட்பார்கள். அனுமதிக்கவே வேண்டாம். வளர்ந்த ஆண் இகுவானா வாலைச் சவுக்காக வீசும். நகம் கழுத்தைக் கீறும். மிரண்டால் மனிதனின் தலையைத்தான் மரத்தின் உச்சி என்று நினைத்து ஏறும். இளையதாக இருந்தால் வாலை உதிர்த்துவிடும். நான்கடி நீளக் கம்பிக் கூடு, உள்ளே கையளவு தடிப்பான ஒரு கிளை, கூட்டின் ஒரு மூலையில் முருங்கை இலைக் கொத்து. அதன் பின்னால் ஒளிந்துகொள்ள அதற்கு உரிமை இருக்க வேண்டும். இதற்குக் கண்ணாடித் தொட்டி வேண்டாம், சூடு பிடிக்கும்.

சிவப்புக்காது ஆமைகளில் ஒன்று போதும், அதுவும் தொட்டிக்குள்ளே மட்டும். இதைத்தான் எல்லோரும் தொடக் கேட்பார்கள், இதைத்தான் தொடவே விடக் கூடாது. ஊர்வன பலவற்றின் குடலில் சல்மனெல்லா பக்டீரியா எந்த நோய்க் குறியும் இல்லாமல் குடியிருக்கும். நீராமை தன் கழிவு கலந்த தண்ணீரிலேயே கிடப்பதால் ஓடு, தோல், தண்ணீர் எல்லாவற்றிலும் அது பரவியிருக்கும். அமெரிக்காவில் சிறுபிள்ளைகள் இந்தக் குஞ்சு ஆமைகளால் நோய்ப்பட்டதனால்தான் 1975இல் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளின் விற்பனையையே தடை செய்தார்கள். ஒருமுறை பரிசோதித்துக் கிருமி இல்லை என்று வந்தாலும் நம்ப முடியாது, அது விட்டுவிட்டுத்தான் வெளியேறும். முன்னெச்சரிக்கையாக மருந்து கொடுத்துச் சுத்தப்படுத்தலாம் என்று நினைப்பதும் பிழை. கிருமி முழுதாகப் போகாது, மருந்துக்கு அடங்காததாகத் திரும்பி வரும்.

இந்த ஆமையை வைத்துச் சொல்ல வேண்டிய பாடம் வேறு. மீன் கடையில் ஐந்து ரூபாய்க் குற்றியளவில் வாங்கும் குஞ்சு ஓர் அடிக்குக் கிட்ட வளரும், 20 அல்லது 30 ஆண்டு வாழும். அலுத்துப்போய்க் குளத்திலோ தோணா என்னும் நீரோடையிலோ விட்டால் நம் காராமையும் பாலாமையும் வெயில் காயும் இடத்தையும் இரையையும் பறித்துக்கொள்ளும். உலகில் ஆக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இதுவும் உண்டு. வளர்ந்த ஆமைக்குப் பக்கத்தில் ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்றை ஒட்டி வையுங்கள். பிள்ளைகள் கணக்கைத் தாங்களே போட்டுக்கொள்வார்கள்.

மூன்று விலங்குகளுக்கும் பொதுவான எதிரி வெப்பம். குளிர்நாட்டுக்காரர் எழுதிய வழிகாட்டிகளைப் படித்தால் விலங்கைச் சூடாக வைத்திருப்பது எப்படி என்றே பக்கம் பக்கமாக இருக்கும். மட்டக்களப்பில் கதை தலைகீழ். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் நிழலிலேயே 34, 35 பாகை ஏறும். தகரக் கூரை மண்டபம் அதற்கு மேலே போகும். ஊர்வனவுக்கு வியர்வை இல்லை, கூட்டுக்குள் அடைபட்டதற்கு ஓடிப்போய் ஒதுங்கவும் இடமில்லை. கண்ணாடித் தொட்டி வெயிலில் கால் மணி நேரம் நின்றால் போதும், உள்ளே இருப்பது செத்துவிடும். காலை 8 மணிக்கு நிழலாக இருந்த ஜன்னலோரம் 10 மணிக்கு வெயிலாகும் என்பதைத்தான் ஒழுங்கமைப்பவர்கள் அடிக்கடி மறக்கிறார்கள். முதல் நாளே அதே அறையில் காலை 8 மணியிலிருந்து 12 மணிவரை வெயில் எங்கே நகர்கிறது என்று தரையில் சோக்கட்டியால் கோடு போட்டுப் பாருங்கள். வயருடன் உணரி உள்ள சிறிய டிஜிற்றல் வெப்பமானி ஒன்றை ஒவ்வொரு கூட்டிலும் விலங்கின் முதுகு மட்டத்தில் வையுங்கள். 34 பாகையைத் தொட்டால் அந்த விலங்கு மேசையை விட்டு உள்ளே போக வேண்டும். குளிரூட்டிய மண்டபம் கிடைத்தால் நல்லதுதான், ஆனால் 26 பாகைக்குக் கீழே இறக்காதீர்கள். மாரி காலத்தில் வைத்தால் சூட்டுத் தொல்லை இல்லை, மழையில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதுதான் தொல்லை. வைகாசிக்கு முன் வரும் தவணை நாட்களும், நேரத்தில் காலை எட்டரைக்கும் நண்பகலுக்கும் இடைப்பட்டதும் வசதி.

கொண்டுவரும் வழியைப் பார்ப்போம். பாம்பைப் பருத்தித் தலையணை உறையில் இறக்குங்கள். உறையைப் புறம் திருப்பினால் தையல் நூல் வெளியே போய்விடும். இல்லாவிட்டால் அந்த நூல் செதிலில் சிக்கும். உறையின் வாயை முறுக்கி முறுக்கின் மேல் முடிச்சுப் போட்டு, அந்த உறையை மூடி பூட்டக்கூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள். காற்றுத் துளைகளைப் பெட்டியின் உட்பக்கத்திலிருந்து வெளியே குத்த வேண்டும். வெளியிலிருந்து குத்தினால் பிசிறு உள்ளே நின்று விலங்கைக் கிழிக்கும். ஆமையைத் தண்ணீரில் வைத்துக் கொண்டுவருவது வழமையான பிழை. வளைவில் தண்ணீர் அலைமோதி ஆமையைப் புரட்டும், தொட்டி தெறிக்கும். ஈரத் துவாய் விரித்த பெட்டியில் தண்ணீர் இல்லாமல் வந்தால் அதற்கு ஒரு குறையும் இல்லை. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர், அந்தத் தூரம் அதற்கு ஒன்றுமில்லை. வானில் பின்பக்கப் பொதிப் பகுதியில் வைக்காமல் இருக்கையின் காலடியில் வையுங்கள். வழியில் தேநீருக்கு இறங்கினால் ஒருவர் விலங்கோடு நிற்க வேண்டும். மூடி நிறுத்திய வாகனம் வெயிலில் சில நிமிடத்திலேயே அடுப்பாகிவிடும். பெட்டி ஒவ்வொன்றின் மேலும் உள்ளே என்ன விலங்கு, யாருடைய பொறுப்பு, அவரது தொலைபேசி இலக்கம் என்று ஒட்டிவிடுங்கள்.

மேசைகளைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். விலங்கைச் சுற்றி நான்கு பக்கமும் முகங்கள் நின்றால் அதற்குத் தப்ப இடமில்லை என்று தோன்றும். கூட்டின் மூன்று பக்கத்தைத் துணியால் மறைத்து முன்பக்கத்தை மட்டும் திறந்து விடுங்கள். மேசைக்கு ஒரு மீற்றர் முன்னால் கயிறு. ஒலிபெருக்கிப் பெட்டி அந்த அறையில் இருக்கவே கூடாது, மைதானத்தில் இருந்தாலும் முகம் வேறு பக்கம் திரும்பியிருக்கட்டும். பாம்புக்கு வெளிக்காது இல்லாவிட்டாலும் தரையதிர்வும் தாழ்ந்த ஒலியும் தாடை எலும்பு வழியாக உட்காதுக்குப் போகும். பாண்ட் வாத்தியம் பயிற்சி செய்யும் இடத்துக்குப் பக்கத்து அறையைத் தவிர்த்துவிடுங்கள். கமராவில் பிளாஷ் வேண்டாம். அறையை முதல் நாள் சவர்க்காரத் தண்ணீரால் மட்டும் கழுவுங்கள். பினாயில், லைசோல் போன்றவற்றின் ஆவியும் எச்சமும் ஊர்வனவுக்கு நஞ்சு.

ஆட்கள் மூன்று பேர் வேண்டும், இதில் சிக்கனம் பிடிக்க முடியாது. ஒருவர் பாம்பைப் பிடித்திருப்பார். அவர் வேறு எதையும் செய்யக் கூடாது, கேள்விக்குப் பதில்கூடச் சொல்லத் தேவையில்லை. இன்னொருவர் பேசுவார். மூன்றாமவர் வரிசையையும் கை கழுவுவதையும் பார்ப்பார். பேசிக்கொண்டே பிடித்திருப்பவருக்குக் கண் பிள்ளைகளிடம் போய்விடும். பாம்பின் கழுத்து S போல வளைவதை அப்போது அவர் கவனிக்க மாட்டார்.

நேரக் கணக்கைத் தீர்மானிப்பது பாம்பு அல்ல, தண்ணீர்க் குழாய். ஒரு பிள்ளை சவர்க்காரத்தோடு 20 விநாடி தேய்த்துக் கழுவி முடிக்க ஏறக்குறைய 40 விநாடி ஆகும். 20 பிள்ளைகளுக்கு இரண்டு குழாய் என்றால் 7 நிமிடம். பேச்சுக்கு 10 நிமிடம், தொடுவதற்கு 3 நிமிடம். ஆக ஒரு குழுவுக்கு 20 நிமிடம். 300 பிள்ளைகள் 15 குழுக்கள்: முதல் நாள் 8, மறுநாள் 7. காலை 8.30க்குத் தொடங்கினால் நான்கு குழுக்கள் 9.50க்கு முடியும். அதன் பின் பாம்புக்கு ஒரு மணித்தியாலம் ஓய்வு: இருட்டான பெட்டியில், ஆளில்லாத அறையில். 10.50க்குத் திரும்பத் தொடங்கினால் 12.10க்குள் முடிந்துவிடும். ஒரு நாளில் பாம்பு கையில் நிற்பது மொத்தம் அரை மணித்தியாலத்துக்குக் கிட்ட, அதற்கு மேல் வேண்டாம். தண்ணீர் ஆளுக்கு அரை லீற்றர் என்றால் முழு நிகழ்ச்சிக்கும் 150 லீற்றர். குழாய் இரண்டு பொருத்திய 200 லீற்றர் பிளாஸ்டிக் பரல் ஒன்று போதும். அழுத்தி எடுக்கும் சவர்க்காரத் திரவம் ஒரு லீற்றர் போதும். கட்டிச் சவர்க்காரம் மண்ணில் விழுந்துகொண்டே இருக்கும். கழுவும் இடம் வெளியேறும் வாசலில் இருக்க வேண்டும், அதைத் தாண்டித்தான் சிற்றுண்டிக் கடைக்குப் போக முடிய வேண்டும். சனிற்றைசர் போத்தல் கையில் உள்ள அழுக்கை நீக்காது, தண்ணீர் தீர்ந்துபோன அந்தரத்துக்கு மட்டும் அது.

தொடும் முன்பும், அறைக்கு வருவதற்கு முன்பே, கை கழுவ வேண்டும் என்று சொன்னால் பிள்ளைகள் வியப்பார்கள். அது மேலே போட்ட நேர, தண்ணீர்க் கணக்கில் சேராது. காரணம் எளிது: கோழி, எலி, பூனைக்குட்டி ஆகியவற்றின் மணம் பாம்புக்கு இரை. காலையில் வீட்டில் கோழிக்கூட்டைத் திறந்துவிட்டு வந்த பிள்ளையின் விரலை நாக்கை நீட்டி மணம் பிடிக்கும் பாம்பு இரையென்றே நினைக்கும்.

தொடும் முறை இது. பிள்ளைகள் தரையில் அரைவட்டமாக உட்கார்ந்திருக்க வேண்டும். பிடித்திருப்பவர் பாம்பின் தலையைத் தன் உடம்புப் பக்கம் திருப்பி, இரண்டு கையாலும் உடலைத் தாங்கி, வரிசையாக நகர்வார். பிள்ளை இரண்டு விரலின் நுனியால், உடலின் பின்பாதியில், தலையிலிருந்து வால் போகும் திசையில் ஒருமுறை வருடலாம். எதிர்த்திசையில் வருடினால் செதில் நிமிர்ந்து நோகும். கழுத்தில் போடுவது யாருக்கும் இல்லை, அதிபருக்கும் பிரதம விருந்தினருக்கும்கூட இல்லை. பிள்ளைகள் கண்ணால் காண்பதைத்தான் பின்பற்றுவார்கள். 5 வயதுக்குக் குறைந்த தம்பி தங்கைகள், கர்ப்பிணித் தாய்மார், முதியவர்கள், நோயெதிர்ப்புக் குறைந்தவர்கள் தொட வேண்டாம். பயந்து பின்வாங்கும் பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். அந்தப் பிள்ளை எழுந்துபோய்த் தூரத்திலிருந்து பார்ப்பதற்கு ஒரு வாங்கு போட்டு வையுங்கள். பெரும்பாலும் பத்தாவது நிமிடத்தில் தானாக முன்னே வரும்.

நிறுத்த வேண்டிய அறிகுறிகளை மூன்று பேரும் தெரிந்திருக்க வேண்டும். பாம்பு இறுக்கப் பந்தாகி அவிழாமல் கிடந்தாலோ, கழுத்தை வளைத்துச் சீறினாலோ நிறுத்துங்கள். இகுவானா நிறம் கறுத்து, தாடைப் பையை விரித்து, பக்கவாட்டில் தட்டையானால் கூட்டை மூடுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது வெப்பம், உடனே குளிர்ச்சியான இடத்துக்கு. ஆமை ஒரே மூலையை நிறுத்தாமல் பிராண்டிக்கொண்டே இருந்தால் கண்ணாடியின் முன்பக்கத்தையும் பாதி மறைத்துவிடுங்கள். ஒரு குழுவுக்குக் காட்டாமல் விட்டதற்கு யாரும் சாவதில்லை. ஏன் நிறுத்தினோம் என்று அந்தக் குழுவுக்குச் சொன்னால் அதுவே அவர்களுக்குப் பாடம்.

பேச்சில் என்ன சொல்வது என்பதில்தான் நம் மாவட்டத்துக்கென்று தனி வேலை இருக்கிறது. ஆபிரிக்காவிலிருந்து வந்த பைத்தனைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினால் போதும். மீதி நேரம் நம் வயலையும் வாவியையும் பற்றியதாக இருக்கட்டும். வந்திருக்கும் பிள்ளைகளில் பலரின் வீட்டில் வேளாண்மை இருக்கும். நஞ்சுள்ள நம் பாம்புகளின் பெரிய வர்ணப் படங்களைச் சுவரில் மாட்டி, எண்ணெய் விரியனையும் அதைப் போலவே இருக்கும் நஞ்சில்லாத ஓநாய்ப் பாம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எண்ணெய் விரியனில் வெள்ளைப் பட்டைகள் வால்பக்கம் தெளிவாகி முன்பக்கம் மங்கும். ஓநாய்ப் பாம்பில் முன்பக்கம் தெளிவாகி வால்பக்கம் மங்கும். இதைப் படத்தில் பார்க்க மட்டுமே கற்றுக்கொடுக்கிறோம், வீட்டில் பாம்பைக் கிட்டப்போய்ச் சோதிப்பதற்கு அல்ல என்பதையும் அழுத்திச் சொல்லுங்கள். எண்ணெய் விரியன் இரவில் தரையில் பாய் விரித்துத் தூங்குபவரைக் கடிக்கும். பலருக்கு வலியே தெரியாது, காயமும் தெளிவாக இருக்காது. விடியும்போது வயிற்று வலியும், இமை திறக்க முடியாமல் விழுதலும் வரும். வயல் வாடியில் தூங்கும் அப்பாவுக்கு நுளம்புவலையைப் பாய்க்கு அடியில் செருகிக் கட்டச் சொல்ல அந்த ஒரு பிள்ளைக்குத் தெரிந்தால் கண்காட்சி பலன் தந்ததாகும்.

கடித்தால் செய்வது: கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, மோதிரம், காப்பு, இறுக்கமான உடைகளைக் கழற்றி, 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைத்தோ கிடைத்த வாகனத்திலோ வைத்தியசாலைக்குப் போவது. வெட்டுவது, உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, விஷக்கல் வைத்துக் காத்திருப்பது எல்லாம் நேரத்தையும் சதையையும் தின்னும். பாம்பை அடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை. தூரத்திலிருந்து படம் எடுக்க முடிந்தால் எடுக்கலாம். நம் வைத்தியசாலைகளில் உள்ள எதிர்நஞ்சு நாகம், எண்ணெய் விரியன், கண்ணாடிப் புடையன், சுருட்டை ஆகிய நான்குக்கும் எதிரானது.

முதலையைப் பற்றியும் கேட்பார்கள். வாவியிலும் கழிமுகத்திலும் இருப்பது செம்மூக்கு முதலை, குளங்களில் இருப்பது சதுப்பு முதலை என்பதையும், தூண்டில் போடும் கரையில் மீன் கழிவை எறியக் கூடாது என்பதையும் சொல்லுங்கள். கிணற்றில் ஆமை விட்டால் தண்ணீர் சுத்தமாகும் என்ற நம்பிக்கையையும் எடுத்துப் பேச இது நல்ல இடம். சல்மனெல்லாவைப் பற்றிச் சொன்ன கையோடு கேட்டால் பிள்ளைகளே விடை சொல்வார்கள்.

பிழையாகிப்போகும் இடங்கள் சில உண்டு. பாம்பு கடித்துப் பிடித்துக்கொண்டால் இழுக்காதீர்கள். பற்கள் உள்நோக்கி வளைந்தவை, இழுத்தால் தோல் கிழியும், பல் உடைந்து உள்ளே நிற்கும். தலையைக் கடித்த பக்கமே மெல்லத் தள்ளி, வாய்மேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் விட்டுவிடும். ஆமை கடித்தால் கையோடு அதைத் தண்ணீருக்குள் இறக்குங்கள். எந்தக் கடியையும் கீறலையும் ஓடும் தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் ஐந்து நிமிடம் கழுவி, ஏற்புவலித் (டெட்டனஸ்) தடுப்பூசி பற்றி வைத்தியரைக் கேட்க வேண்டும். விலங்கு தப்பினால் கதவை மூடி, பிள்ளைகளை ஓடவிடாமல் அதே இடத்தில் உட்கார வைத்து, பிறகு வரிசையாக வெளியேற்றுங்கள். பாம்பு அறையின் நடுவில் நிற்காது, சுவரோரமாகவே போகும். அலுமாரிக்கு அடியிலும் சுருட்டிய பாய்க்குள்ளும் தேடுங்கள்.

இன்னொன்று நடக்கும்: ஊர்வன நிகழ்ச்சி என்று கேள்விப்பட்டு யாராவது ஒரு சாக்கில் மலைப்பாம்பையோ வாளியில் பாலாமையையோ வாசலுக்குக் கொண்டுவருவார். நல்லெண்ணத்தில்தான் வருவார், கடிந்துகொள்ள வேண்டாம். வாங்கி மேசையில் வைக்கவும் வேண்டாம். நிழலான ஓர் இடத்தில் அவரையே வைத்திருக்கச் சொல்லி 1992க்கு அழையுங்கள். உங்கள் விலங்குகளைத் தொட்ட கையால் அதைத் தொடாதீர்கள், அதைத் தொட்ட கையால் உங்கள் விலங்குகளையும் தொடாதீர்கள்.

முடிந்த பின் ஆமைத் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியிலோ கிணற்றடியிலோ கொட்ட வேண்டாம். நம் கரையோரம் மணல் நிலம், கிணறுகள் ஆழமில்லை, ஊற்றியது விரைவில் உள்ளே இறங்கும். மலசலகூடத்தில் ஊற்றுங்கள். பெட்டிகளை முதலில் சவர்க்காரத்தால் தேய்த்துக் கழுவி, அதன் பின் வீட்டுப் பாவனைக்கான வெளிற்றும் திரவத்தை ஒன்றுக்கு 30 பங்கு தண்ணீரில் கலந்து 10 நிமிடம் ஊறவிட்டு, நன்றாக அலசி வெயிலில் காய வையுங்கள். அழுக்கோடு அந்தத் திரவத்தை ஊற்றினால் கிருமி சாகாது.

விலங்குகள் வீட்டுக்குப் போனதும் தண்ணீர் கொடுத்து, இரண்டு நாள் யாரும் தூக்காமல், பாம்புக்கு இரையும் கொடுக்காமல் விடட்டும். முதல் நாள் எடுத்த நிறையைப் பழைய மாணவர் குறித்து வைத்திருந்தால், ஒரு கிழமை கழித்துத் திரும்ப நிறுத்துப் பார்க்கலாம். அதன் பின் பைத்தன் வழமையான நாளில் இரை எடுக்காமல், அடுத்த தடவையும் மறுத்தால், மூக்கில் குமிழி, மூச்சில் சத்தம் ஏதும் இருக்கிறதா என்று கால்நடை வைத்தியரிடம் காட்ட வேண்டும். அது ஒழுங்காக இரை எடுக்கத் தொடங்கும்வரை பக்கத்துப் பாடசாலை கேட்டாலும் அதைக் கொடுக்க வேண்டாம்.